கயிறு கட்டாத பீரோ

பீரோவுக்கு நான்கு கால்கள் கொடுத்திருப்பது நிற்பதற்காகத்தான், நடப்பதற்காக இல்லை. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரிந்துவிடும் டாக்டர், அதனால்தான் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். நாளைக் காலையில் அவருக்கு இரண்டாவது ஆபரேஷன், இன்று மாலையாவது நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுக்க வேண்டும். ஆனால் நீங்கள் எடுப்பதில்லை என்று நர்ஸ் சொன்னாள். மதியச் சாப்பாட்டைத் தொடுவதில்லையாம். நாற்காலிக் கைப்பிடியில் நூலைக் கட்டி முடிச்சு போடுகிறீர்களாம், அவிழ்க்கிறீர்களாம், மறுபடியும் போடுகிறீர்களாம். இதோ, இந்தக் கைப்பிடியிலேயே ஒரு கொத்து தொங்குகிறது. நீங்கள் போட்ட தையல் உள்ளே விட்டுப்போனதால்தான் என் வீட்டுக்காரருக்கு ஹெர்னியா வந்தது என்று நினைத்துக்கொண்டு, மற்ற பெரிய ஆபரேஷன்களையெல்லாம் வேறு டாக்டர்களிடம் தள்ளிவிடுகிறீர்களாம். உங்களுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. உங்கள் தையலுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்.

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவர் தொழில். ஒரு லாரி, நான்கு ஆட்கள், அவர்தான் தலைவர். கூட வேலை செய்கிறவர்கள் அவரைக் 'கயிறு' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைத் தூக்குவதாக இருந்தாலும் முதலில் கயிறு கட்டுவார். பீரோவாக இருந்தால் கதவைச் சுற்றி இறுக்கமாக இரண்டு சுற்று. கதவு திறந்துகொண்டால் கனமெல்லாம் முன்னால் வந்துவிடும், பீரோ ஆளைத் தேடிக்கொண்டு விழும் என்பார். கட்டியபிறகு முட்டியை மடக்கிக் குந்துவார். மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி, "ஒண்ணு, ரெண்டு, ம்ம்" என்று எழுந்திருப்பார். கயிறு, முட்டி, மூச்சு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் மலையையும் மாடிக்கு ஏற்றலாம் என்பது அவர் கணக்கு. இந்த மூன்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பகலெல்லாம் ஊரார் வீட்டுச் சாமானைத் தூக்குகிறவர், வீட்டுக்கு வந்தால் கை காலை நீட்டிப் படுப்பார் என்றுதானே நினைப்பீர்கள். கல்யாணமான புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் என்னடாவென்றால், அடுத்தவர் சாமானைத் தூக்கிய களைப்பு தீர நம் சாமானைத் தூக்குவார். ஒரே இடத்தில் நின்றால் பொருளுக்குச் சோம்பல் வந்துவிடும் என்று ஒரு கொள்கை வேறு. கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் சாப்பாட்டு மேசை படுக்கையறைக்குப் போயிருக்கும். வழக்கமாக நாற்காலி இருக்கிற இடத்தில் நான் பையோடு உட்காருவேன், அங்கே நாற்காலி இருக்காது. என் இடுப்பில் இன்றும் ஒரு வலி உண்டு, அது நாற்காலி வலி. கால் சுண்டுவிரல் இரண்டும் எத்தனை தடவை பெயர்ந்தன என்று எனக்கே தெரியாது.

ஒரு தடவை என் தங்கை குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தாள். அவள் வீட்டுக்காரர் குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே, முந்தின நாள் அறைக்கதவு இருந்த இடத்தில் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தார். அது பீரோ. என் புடவைகளுக்கு நடுவிலிருந்து அவர் மன்னிப்புக் கேட்டது இன்னும் என் காதில் கேட்கிறது. அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் வீட்டில் தங்கியதே இல்லை. கீழ்வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார், பெருமூச்சு விடுவதைத் தவிர வேறு பேச்சே இல்லாத மனிதர். எங்கள் வீட்டில் ஏதாவது இழுபட்டால் துடைப்பக் கட்டையால் தன் கூரையைத் தட்டுவார். அந்தத் தட்டல் கேட்காத ஞாயிற்றுக்கிழமையை நான் பார்த்ததில்லை.

இந்த நிலையில்தான் அவர் யாருடைய ஃப்ரிட்ஜையோ மாடிப்படியில் ஏற்றும்போது சுருண்டு விழுந்தார். வயிற்றுக்குள் புண் ஓட்டையாகிவிட்டது என்றார்கள். நீங்கள்தான் நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை திறந்து, சுத்தம் செய்து, தைத்து, ஆளைத் திருப்பிக் கொடுத்தீர்கள். வெளியே வந்து பிழைத்துவிட்டார் என்று நீங்கள் சொன்னபோது என் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. இது சத்தியம். அன்று என் மனசில் வேறு எந்த எண்ணமும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது என்னை எதிரே உட்கார வைத்து என்னென்ன கூடாது என்று சொன்னீர்கள். ஒரு பை காய்கறிக்கு மேல் கனம் தூக்கக் கூடாது. இருமலோ தும்மலோ வந்தால், வாய்விட்டுச் சிரித்தால்கூட, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். மலச்சிக்கல் வரக் கூடாது, முக்கக் கூடாது. வயிற்றைச் சுற்றிக் கட்டிய பெல்ட் தளரக் கூடாது. எதைச் செய்தால் தையல் போட்ட இடம் பலவீனமாகும் என்று அவ்வளவு தெளிவாக எடுத்துச் சொன்ன டாக்டரை நான் பார்த்ததே இல்லை. நான் அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன்.

அதற்கப்புறம் வந்த நாட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டில் கட்டிலாக இருந்தது. மேசை வைத்த இடத்திலேயே விடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் செருப்பு காலில் வந்து மாட்டிக்கொண்டது. அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பேன். ஒரு இடத்தில் நிற்காத மனிதர் என்பதால் அதுவரை நான் அவரைச் சரியாகப் பார்த்ததே இல்லை. காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. சின்ன வயதில் பாடுவாராம், அதுவும் தெரிந்தது. மெல்லிய குரலில் பாடிக்கூடக் காட்டினார், வயிறு அதிராமல். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது டாக்டர். மகனுக்குக் கல்யாணம் செய்து அனுப்பியபிறகு, அவன் அப்பாவை எனக்குப் பிடித்துவிட்டது.

அப்படியே போயிருந்தால் நான் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். முதல் பரிசோதனைக்கு வந்தோம். நீங்கள் அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தீர்கள், இருமச் சொன்னீர்கள், முகமெல்லாம் சிரிப்பாக, "அருமையா ஆறியிருக்கு. இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் பழையபடி தூக்கலாம்" என்றீர்கள். எனக்கு மேசை இழுபடுகிற சத்தம் காதில் கேட்டது. வெளியே வந்ததும் அவர் வராந்தாவில் நின்று நோயாளிகள் உட்காரும் பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார். அது அந்தச் சுவர் ஓரம் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

அவரை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு, குடையை மறந்துவிட்டேன் என்று சொல்லி நான் உங்களிடம் திரும்பி வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒருவேளை தையல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஹெர்னியா வரும், உள்ளே இருக்கிற குடல் தோலுக்கு அடியில் புடைத்துக்கொள்ளும், இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும், அதற்கப்புறம் அவர் வாழ்நாள் முழுக்க ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றீர்கள். வாழ்நாள் முழுக்க. நீங்கள் பயமுறுத்துவதற்காகத்தான் சொன்னீர்கள். எனக்கு அது யாரோ பூங்கொத்து கொடுத்ததுபோல இருந்தது.

அன்று முதல் நீங்கள் கூடாது என்று சொன்னதையெல்லாம் ஒன்றொன்றாகச் செய்ய ஆரம்பித்தேன்.

முதலில் கீரையை நிறுத்தினேன், பழத்தை நிறுத்தினேன். மைதா ரொட்டியும் உருளைக்கிழங்குமாகப் போட்டேன். எனக்குத்தான் மலச்சிக்கல் வந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த விஷயத்தில் அவர் லாரிக்காரர், நேரத்துக்குச் சரக்கு இறங்கிவிடும். அடுத்ததாக ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுக் காய்ந்த மிளகாயை வறுத்தேன். நான் தும்மினேன். கீழ்வீட்டுக்காரர் தும்மினார், எங்களுக்குக் கேட்டது. என் வீட்டுக்காரரோ பழைய வீடுகளின் தூசியை முப்பது வருஷமாகக் குடித்தவர், மூக்கைக்கூடத் தேய்க்கவில்லை. வாசனை நன்றாக இருக்கிறது, என்ன சமையல் என்று கேட்டார்.

பெல்ட்டை அவர் தூங்கும்போது தளர்த்திப் பார்த்தேன். எழுந்ததும் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, கட்டு தளர்ந்தால் சரக்கு போச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முன்னைவிட இறுக்கமாகக் கட்டினார்.

கடைசியில் என் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் வாயைத் திறந்தால் சாவு வீட்டிலும் சிரிப்பார்கள். பலகாரம் வாங்கி வைத்து, மச்சானைக் கொஞ்சம் சிரிக்க வையடா, பாவம் படுத்தே கிடக்கிறார் என்றேன். அவன் தன்னிடமிருந்த அத்தனை ஜோக்கையும் இறக்கினான். நான் சிரித்துச் சிரித்து விலாவைப் பிடித்துக்கொண்டேன். அவர் தலையணையையும் அணைக்கவில்லை, ஒன்றையும் அணைக்கவில்லை. எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "சரி, அந்த ஆளு அந்தக் கட்டிலை ஜன்னல் வழியா எப்படி இறக்கினான்? கயிறு கட்டினானா?" என்று கேட்டார். தம்பி அவமானத்தோடு கிளம்பிப் போனான்.

உங்கள் தையல் அப்படிப்பட்டது டாக்டர். இதைச் சொல்லத்தான் வந்தேன். நான் கண்ணும் கருத்துமாக, ஒரு நாள் விடாமல் பாடுபட்டும் அது அசையவில்லை. சில நாள் எனக்கு உங்கள்மேல் கோபம்கூட வந்தது. யாராவது இவ்வளவு அக்கறையாகத் தைப்பார்களா என்று.

இதற்கிடையில் வீட்டில் சில்லறை வேலைகள் சில இருந்தன. அவர் படுத்தபிறகு எல்லாவற்றையும் நான்தானே பார்க்க வேண்டும். கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளினேன், நோயாளிக்கு வெளிச்சம் வேண்டும். கட்டில் நகர்ந்ததும் சின்ன மேசை வழியில் நின்றது, அதை மூலைக்குக் கொண்டுபோனேன். மூலையில் அது அனாதைபோல இருந்தது, அதனால் நாற்காலிகளை அங்கே சேர்த்தேன். பிறகு பார்த்தால் கட்டில் கதவுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் கூப்பிட்டால் கேட்கும் என்று பட்டது. இதெல்லாம் அவர் செய்கிற மாதிரி இல்லை. அவர் காரணமில்லாமல் நகர்த்துவார். நான் ஒவ்வொன்றையும் அதனதன் சரியான இடத்தில் வைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். சரியான இடம் சில சமயம் இரண்டாவது, மூன்றாவது தடவையில்தான் தெரியும்.

ஒரு நாள் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார். கதவருகில் நின்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "அவருதான் படுத்திருக்காரே, அப்புறம் யாரும்மா இழுக்குறது?" என்று கேட்டார். எலி என்றேன். அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொரு பெருமூச்சு விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

பீரோ மட்டும்தான் பாக்கி. அது தேக்கு. அவருடைய அம்மா கொடுத்தது, நாலு ஆள் தூக்க வேண்டியது. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவில், கொஞ்சமும் பொருந்தாமல் நின்றது. எதிர்ச்சுவரில் வைத்தால் அறையே விசாலமாகிவிடும் என்று எனக்குப் பல நாளாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. அவர் செய்து பார்த்திருக்கிறேன். காலுக்கு அடியில் சோப்பு வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு காலை வேளையில், சோப்பு வைத்தேன், முதுகைக் கொடுத்துத் தள்ளினேன். போயிற்று. எனக்கே பெருமையாக இருந்தது.

அவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "கயிறு கட்டினியா?" என்றார்.

எனக்குத் தெரியும் என்று சொன்னேன். எனக்குத் தெரியாது. முன்பக்கம் வந்து இழுத்தேன். கதவு திறந்துகொண்டது. அவர் எப்போதும் சொல்கிற மாதிரியே கனமெல்லாம் முன்னால் வந்தது. பீரோ என்னைத் தேடிக்கொண்டு வந்தது.

மற்றதை நான் மெதுவாகத்தான் சொல்ல முடியும். அவர் கட்டிலிலிருந்து எப்படி இறங்கினார் என்று நான் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் எனக்கும் பீரோவுக்கும் நடுவில் இருந்தார், அது அவர் நெஞ்சில் சாய்ந்திருந்தது. கயிறு இல்லை. முட்டியை மடக்கவில்லை. மூச்சை விடவில்லை, அடக்கிக்கொண்டிருந்தார். ஒண்ணு ரெண்டு சொல்லவில்லை, "ம்ம்"மும் இல்லை. அத்தனை வருஷத் தொழிலில் இந்த மூன்றும் இல்லாமல் அவர் ஒரு கனத்தைத் தாங்கியது அந்த ஒரு தடவைதான். "நகரு" என்றார். நகர்ந்தேன்.

இங்கேதான் என் குற்றம் வருகிறது டாக்டர். மிளகாயும் ரொட்டியும் குற்றமே இல்லை, அவையெல்லாம் தோற்றுப்போனவை. பீரோவை அவர் நிமிர்த்திவிட்டார். அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஒருவேளை அப்போதுகூட உங்கள் தையல் தாங்கியிருக்கும், அதன்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் அவர் அதைப் பிடித்தபடியே, வியர்வை வழிகிற முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்து, "எங்க வைக்கணும்னு சொல்லு" என்று கேட்டார்.

நான் எதிர்ச்சுவரைக் காட்டினேன்.

என்னையறியாமல் காட்டினேன் என்று உங்களிடம் சொல்லலாம். யோசித்துத்தான் காட்டினேன். இரண்டு காரணம் இருந்தது. நடுவில் ஒரு நொடி, இதோ, இவ்வளவு நாள் முயற்சி செய்ததெல்லாம் தானாக நடக்கப்போகிறது என்று நினைத்தேன். அதே நொடியில், பீரோ அந்தச் சுவரில் எவ்வளவு அழகாக இருக்கும் என்றும் நினைத்தேன். எது முதலில் வந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவர் தள்ளிக்கொண்டு போய் வைத்தார். சுவரிலிருந்து ஒரு கை அகலம் விட்டு, கதவு திறக்க இடம் வைத்து, ஆடாமல் ஒரு காலுக்கு அட்டை கொடுத்து, சரியாக வைத்தார். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தார். தழும்புக்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்துக்கொண்டிருந்தது. படுத்தால் உள்ளே போயிற்று, எழுந்தால் வெளியே வந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுவும் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது" என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் ஜோக் அதுதான். நான் சிரிக்கவில்லை, அழுதேன்.

உங்களிடம் வரும் வழியில், ஆட்டோவில், டாக்டரிடம் ஒன்றும் சொல்லாதே, உன்னைத் திட்டுவார் என்றார். அதனால்தான் தூங்கி எழுந்தபோது தானாக இருந்தது என்று உங்களிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அவர் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னார், அந்தப் பொய் நேராக உங்கள் தலையில் போய் விழுந்துவிட்டது. அவர் பிடித்த பீரோ மாதிரி அதை யாராவது பிடிக்க வேண்டாமா? இனிமேல் இந்த நூலையெல்லாம் குப்பையில் போடுங்கள். ஒழுங்காகச் சாப்பிடுங்கள். உங்கள் முடிச்சு தானாக அவிழவில்லை, என் வீட்டுக்காரரின் தொப்புளுக்கு மேலே நான்தான் அதை அவிழ்த்தேன்.

நாளைக்கு உள்ளே வலை வைத்துத் தைப்பீர்களாமே, நல்ல கெட்டியான வலையாக வையுங்கள். நான் இனிமேல் எதுவும் செய்யப் போவதில்லை. கீரை வாங்கி வைத்துவிட்டேன், மிளகாயை அரைத்தே வாங்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் வேண்டும். ஆபரேஷன் முடிந்ததும் அவரிடம், இனி ஆயுசுக்கும் எதையும் நகர்த்தக் கூடாது என்று கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அது உண்மையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தழும்பு தெரிகிற மாதிரி விரலை வைத்துச் சொன்னால் நம்பிவிடுவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஒரு ஆசையும் இல்லை. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். நான் செய்தது அத்தனையும் அதற்காக மட்டும்தான். நீங்கள் போலீசிடம் சொன்னாலும் சரி, என் மகனிடம் சொன்னாலும் சரி, இதே வார்த்தைகளைத்தான் அங்கேயும் சொல்வேன்.

சரி, நான் கிளம்புகிறேன். போவதற்கு முன்னால் ஒன்று சொல்லலாமா? நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து பார்க்கிறேன், உங்கள் மேசை கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதில்தான் இடித்துக்கொள்வார்கள். ஜன்னல் ஓரமாக இருந்தால் உங்களுக்கு வெளிச்சமும் கிடைக்கும், நூல் கோக்கச் சௌகரியமாக இருக்கும். இழுப்பறைகளைக் கட்ட ஒரு கயிறு என் பையிலேயே இருக்கிறது, இப்போதெல்லாம் நான் கயிறு இல்லாமல் வெளியே வருவதில்லை. நீங்கள் அந்தப் பக்கம் பிடியுங்கள் டாக்டர். முட்டியை மடக்குங்கள், மூச்சை விடுங்கள். ஒண்ணு, ரெண்டு...